முத்திரை இல்லாத பாடல்கள்

ஈராண்டுகளுக்கு முன், தவக்காலத்தில், எங்கள் பங்கில் பாஸ்கா நாடகம் ஒன்று நடந்தது. வசனம் எழுதியவர் கல்லூரி முடித்த ஓர் இளைஞர். நடித்தவர்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர். மேடை, ஒளி, உடை, ஒப்பனை என்று ஆளுக்கொரு பணி. நாடகத்திற்கெனவே ஒன்பது பாடல்களுக்கு மெட்டமைத்துத் தந்தவர், எங்கள் பாடகர் குழுவை நெடுங்காலமாக நடத்திவரும் முதியவர். மாஸ்டர் என்றே பங்கு முழுவதும் அவரை அழைக்கும். கெத்சமனித் தோட்டத்திற்கு ஒன்று, பேதுரு மறுதலித்த முற்றத்திற்கு ஒன்று, வெரோணிக்கா துணி நீட்டும் இடத்திற்கு ஒன்று என அந்தந்தக் காட்சியை மனத்தில் நிறுத்தி, இரவு நேரங்களில் ஆர்மோனியத்தின் முன் அமர்ந்து அவர் அவற்றை உருவாக்கினார். நாடகம் நன்றாகவே நடந்தது. கூட்டம் கலைந்தபின், அச்சிட்ட நிகழ்ச்சித் தாளைக் கையில் மடித்தபடி அவர் என்னிடம் வந்தார்.

“சாமி, வசனம் எழுதின தம்பி பேரு இருக்கு. வேஷம் கட்டினவங்க பேரு எல்லாம் இருக்கு. பந்தல் போட்டவர் பேரு கூட இருக்கு. பாட்டுக்கு மெட்டுப் போட்டவன் பேரு மட்டும் விட்டுப்போச்சு போல.”

அந்தத் தாளின் பிழை திருத்தியவன் நானேதான். விட்டது என் கண். ஆயினும் உடனே மன்னிப்புக் கேளாமல், குருக்கள் நாவில் எப்போதும் ஆயத்தமாக இருக்கும் ஒரு விடையைச் சொல்லிவிட்டேன்: “கடவுளுக்குத் தெரியும், மாஸ்டர்.” அவர் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கடவுளுக்குத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் பந்தல் போட்டவரைக் கடவுளின் நினைவுக்கு மட்டும் விட்டுவிடாமல் தாளிலும் அச்சிட்டிருந்தோமே! ஜெர்மானிய இசைமேதை பாக் தம் இசைப்படிகள் பலவற்றின் இறுதியில் ‘கடவுளுக்கே மகிமை’ என்ற பொருள்படும் மூன்று எழுத்துகளைப் பொறித்தார் என்பதைக் குருமடத்தில் எங்களுக்கு அடிக்கடி சொல்வார்கள். அதே பாக் படிகளின் முகப்பில் தம் பெயரையும் எழுதினார் என்பதை யாரும் சொன்னதில்லை.

இந்த உறுத்தலோடு இருந்த நாள்களில்தான் திருவான்மியூரிலுள்ள கலாக்ஷேத்திராவின் கலைவிழாவுக்கு ஓர் அழைப்பு வந்தது. எங்கள் பங்கு மக்களுள் ஒருவரின் மகள் அங்கே நடனம் பயில்பவள். கேரளத்துக் கூத்தம்பலத்தைப் போல மரமும் ஓடுமாக எழுப்பப்பட்ட அவ்வரங்கில், வால்மீகி இராமாயணத்தின் ஒரு பகுதியை நாட்டிய நாடகமாக ஆடினார்கள். ஆட்டத்தைவிட இசையே என்னைப் பிடித்துக்கொண்டது. நான் முறையாகச் சங்கீதம் பயின்றவன் அல்லன். எனினும் அந்த இசை, தான் கேட்கப்பட வேண்டும் என்று சிறிதும் முயலவில்லை என்பது எனக்கே புலப்பட்டது. காட்சிக்கு வழிவிட்டு, காட்சியின் பின்னால் நின்றது. இயற்றியவர் மைசூர் வாசுதேவாச்சாரியார் என்றார்கள். கமாஸ் இராகத்து ‘ப்ரோசேவாரெவருரா’ கீர்த்தனையை ஆக்கிய அதே வாசுதேவாச்சாரியாரா என்று கேட்டேன். அவரேதான்.

சென்னையின் சபாக்களில் அந்தக் கீர்த்தனையைக் கேளாதவர் அரியர். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் மார்கழி மாதத்தில் அது ஒலிக்காமல் ஒரு வாரம் கழிவதில்லை எனலாம். ஆனால் அதனை இயற்றிய பெரியவர் தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளை அடையாற்றில் ஒரு மேடைக்கு இசையமைப்பதில் செலவிட்டார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தேடிப் படித்து அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

வாசுதேவாச்சாரியார் 1865ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் மைசூரில் பிறந்தார். வடமொழி பயின்றார், வீணை பயின்றார். மைசூர் மன்னர் சாமராஜ உடையார் தம் செலவிலேயே அவரைத் திருவையாற்றுக்கு அனுப்பிப் பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடம் குருகுலவாசம் செய்யவைத்தார். பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் ஆசான் மானம்புச்சாவடி வேங்கடசுப்பையர். அவருடைய ஆசான் தியாகராஜர். ஆக, தியாகராஜரிலிருந்து எண்ணினால் வாசுதேவாச்சாரியார் நான்காம் தலைமுறை. பின்னர் மைசூர் அரசவை வித்துவானானார். தெலுங்கிலும் வடமொழியிலும் ஏறத்தாழ இருநூறு உருப்படிகளை இயற்றினார். 1935இல் சென்னை மியூசிக் அகாதெமி அவரைச் சங்கீத கலாநிதியாக்கியது. தாம் கண்ட இசைவாணர்களைப் பற்றித் தாய்மொழியாகிய கன்னடத்தில் நூலொன்றும் எழுதினார். தம்மைப் பற்றிப் பேசுவதைக் காட்டிலும் பிறரைப் பற்றிப் பேசுவதில் மகிழ்ந்த உள்ளம் அவருடையது என்று அந்நூலை முன்னிட்டுக் கூறலாம்.

இனி முத்திரையைப் பற்றிச் சற்றே சொல்ல வேண்டும். ஏனெனில் இக்கட்டுரையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. கர்நாடக இசையில் கீர்த்தனை இயற்றுபவர், பெரும்பாலும் இறுதிச் சரணத்தில், தம்மை அடையாளம் காட்டும் ஒரு சொல்லை வைப்பார். அதுவே முத்திரை. தியாகராஜர் தம் பெயரையே வைத்தார். முத்துசுவாமி தீட்சிதர் ‘குருகுஹ’ என்று வைத்தார். வாசுதேவாச்சாரியாரின் முத்திரை ‘வாசுதேவ’ என்பது. அது கண்ணனின் பெயர். அவருடைய பெயரும் கூட. இறைவனைக் கூப்பிடும் அதே மூச்சில் தம்மையும் குறித்துவிடும் வாய்ப்பு அவருக்குப் பிறப்பிலேயே கிடைத்திருந்தது! ஏடு தொலைந்தாலும், அச்சில் பெயர் விடுபட்டாலும், பாடுகிறவர் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தே தீரும். எங்கள் மாஸ்டருக்கு இல்லாத பாதுகாப்பு அது.

மேடைக் கதைக்காகப் பாடல்களைத் தொடராக இயற்றும் வழக்கம் நம்மிடையே புதியதன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் சீர்காழியில் வாழ்ந்த அருணாசலக் கவிராயர் (1711-1779) கம்பனைத் தழுவி இராமநாடகக் கீர்த்தனைகளை இயற்றினார். சட்டநாதபுரத்தைச் சேர்ந்த வேங்கடராமன், கோதண்டராமன் என்னும் இரு மாணவர்கள் அவற்றைப் பாடத் துணைநின்றனர். திருவரங்கத்தில் அரங்கேறிய அந்நூல் பின்னர் சென்னைக்கு வந்தது. மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் கவிராயரைப் போற்றிச் சிறப்பித்தார். நாடகம் என்ற பெயரோடு பிறந்த அந்நூலை இன்று நாடகமாக எங்கே காண்கிறோம்? பாடல்கள் மட்டும் பிழைத்தன. அவற்றின் பழைய மெட்டுகளும் பெரும்பாலும் மறைந்தன. இருபதாம் நூற்றாண்டில் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் (1890-1967) அவற்றுள் பலவற்றுக்குப் புதிய இசைவடிவம் தந்து கச்சேரி மேடையில் உலவவிட்டார். மிதிலையில் முதல் பார்வையின்போது எழும் ‘யாரோ இவர் யாரோ’ பாட்டு இன்று எந்த மிதிலையும் இல்லாமல், தனி ஆவர்த்தனத்திற்குப் பிந்திய துக்கடாவாகவும் வருகிறது. அரியக்குடியின் குரு பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்கார், வாசுதேவாச்சாரியாரோடு ஒரே ஆசானிடம் பயின்றவர் என்பதையும் இங்கே குறித்து வைக்கிறேன்.

தியாகராஜரும் இசை நாடகங்கள் எழுதியவரே. பிரகலாத பக்தி விஜயம், நௌகா சரித்திரம் என்பன அவை. கச்சேரித் தொடக்கத்தில் பலரும் பாடும் ‘ஸ்ரீ கணபதினி’ உண்மையில் பிரகலாத நாடகத்தின் காப்புப் பாட்டு. திரை விலகப் போகிறது என்பதற்காக எழுதப்பட்ட பாட்டு, திரையே இல்லாத மேடைகளில் இருநூறு ஆண்டுகளாக ஒலிக்கிறது. மேடை உதிர்ந்துவிட, பாட்டு தனித்து வாழும். இதுவே நம் நாட்டில் நாடக இசைக்கு நேர்ந்துவந்த பொதுவான கதி. அதற்கு முத்திரையும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. முத்திரை உள்ள பாட்டுக்கு வீடு தேவையில்லை. அது தன் உரிமையாளரைத் தன்னோடு சுமந்துகொண்டு எங்கும் போகும்.

அடையாற்றில் நடந்தது இதற்கு நேர்மாறானது.

ருக்மிணி தேவி அருண்டேல் (1904-1986) 1935 டிசம்பரில், பிரம்மஞான சபையின் வைரவிழாவின்போது, முதன்முதலாக மேடையேறி ஆடினார். மறு ஆண்டு கலாக்ஷேத்திரா தோன்றியது. எங்கள் குருமட நாள்களில் ‘பிரம்மஞான சபை’ என்றாலே பேராசிரியர்கள் புருவத்தைச் சுருக்குவார்கள். அவர்கள் சுருக்கியதற்குக் கோட்பாட்டுக் காரணங்கள் இருந்தன. அவற்றை நான் இன்றும் மறுக்கவில்லை. ஆயினும் அதே தோப்பிற்குத்தான் 1939இல் மரியா மாந்தெசோரி அம்மையார், நம் சபையின் மகள், ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்க வந்துசேர்ந்தார் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ருக்மிணி தேவி தனி ஆட்டத்தோடு நிற்கவில்லை. ஒரு முழுக்கதையைப் பலர் சேர்ந்து ஆடும் நாட்டிய நாடகத்தை நாடினார். 1944இல் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி மேடையேறியது. 1947இல் காளிதாசனின் குமாரசம்பவம். அதன் இசையில் டைகர் வரதாச்சாரியாரின் கைவண்ணம் உண்டு. 1950இல் டைகர் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற இடத்திற்குத்தான் மைசூரிலிருந்து முதியவரான வாசுதேவாச்சாரியார் அழைக்கப்பட்டார். வால்மீகி இராமாயணத்தை ஆறு நாட்டிய நாடகங்களாக்குவது ருக்மிணி தேவியின் திட்டம்: சீதா சுயம்வரம், ஸ்ரீராம வனகமனம், பாதுகா பட்டாபிஷேகம், சபரி மோட்சம், சூடாமணி பிரதானம், மகா பட்டாபிஷேகம். முதலாவதாகிய சீதா சுயம்வரம் 1955இல் மேடையேறியபோது இசையமைத்தவருக்கு வயது தொண்ணூறு.

அந்த ஆண்டுகளின் சென்னையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். 1954இல் எம்.ஆர். ராதா தம் இராமாயண நாடகத்தில் இராமனைக் கடுமையாக எள்ளி நடித்தார்; பெரும் கொந்தளிப்பு எழுந்தது; அதே ஆண்டில் அரசு நாடக நிகழ்ச்சிகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியது. 1956இல் இராமன் படத்தை எரிக்கும் கிளர்ச்சியைப் பெரியார் அறிவித்தார். அதற்கும் முன்னரே, 1943இல், தமிழிசைச் சங்கம் தோன்றி, தமிழ் மண்ணில் தமிழ்ப் பாட்டு ஏன் துக்கடாவாக நிற்க வேண்டும் என்ற நியாயமான கேள்வியை எழுப்பியிருந்தது. இவ்வளவுக்கும் நடுவே, அடையாற்றில் ஒரு கன்னட முதியவர் வடமொழிச் சுலோகங்களுக்கு இராகம் கட்டிக்கொண்டிருந்தார். இதனை ஊரோடு ஒட்டாத செயல் என்று சொல்பவரை நான் குறைகூற மாட்டேன். கம்பன் இருக்க வால்மீகி எதற்கு என்று அன்றே கேட்டிருக்கலாம், இன்றும் கேட்கலாம். கலாக்ஷேத்திராவின் அரங்கில் அமர்ந்திருந்த எனக்கும் அக்கேள்வி எழுந்தது. சொல் புரியாமல் கைவிரல்களைப் பார்த்துக் கதையை ஊகித்துக்கொண்டிருந்தவர்களுள் நானும் ஒருவன். இலத்தீன் திருப்பலியில் எங்கள் பாட்டிமார் செபமாலை உருட்டியதன் பொருள் அப்போதுதான் ஒருவாறு விளங்கிற்று.

ஆனால் வால்மீகியின் சொல்லையே எடுத்துக்கொண்டதில், இசையைப் பொறுத்தவரை, ஒரு பெரும் விளைவு இருந்தது. வால்மீகியின் சுலோகம் பெரும்பாலும் அனுஷ்டுப் என்னும் யாப்பில் அமைந்தது. எட்டெழுத்து வீதம் நான்கு பாதம், மொத்தம் முப்பத்திரண்டு. இப்படி இருபத்து நாலாயிரம் சுலோகங்கள் என்பது மரபு. இவற்றில் பல்லவி கிடையாது, அநுபல்லவி கிடையாது, திரும்பத் திரும்ப வந்து மனத்தில் பதியும் எடுப்பு கிடையாது. கீர்த்தனை இயற்றுவோரின் கைக்கருவிகள் எவையும் இல்லை. சுலோகத்தைத் தாளமின்றி விருத்தமாக இழுத்துப் பாடுவதே கச்சேரி வழக்கம். ஆனால் காலடி எடுத்து வைக்கும் நர்த்தகருக்குத் தாளம் வேண்டும். ஒரு சொல்லுக்கு எத்தனை அட்சரம் நின்றால் கை முத்திரை மலர்ந்து முடியும், எங்கே பாட்டு நின்று ஜதி வர வேண்டும், எங்கே இரண்டும் நின்று வெறும் மௌனம் வர வேண்டும் என்பதையெல்லாம் மேடையே முடிவு செய்யும். இசைவாணர் அதற்குக் கீழ்ப்படிய வேண்டும்.

அன்றியும் மேடையில் ஆடியவர்கள் ஒரே வார்ப்பினர் அல்லர். பெண்கள் பரதத்தில் தேர்ந்தவர்கள். ஆண் பாத்திரங்களுக்கோ சந்து பணிக்கர் போன்ற கதகளி ஆசான்களின் பயிற்சி பின்புலமாக இருந்தது. பின்னாளில் அடையாற்றில் பரதகலாஞ்சலியை நிறுவிய தனஞ்செயன் 1953இல் கேரளத்திலிருந்து அங்கு வந்த சிறுவர்களுள் ஒருவர். கதகளியின் அகன்ற பெருநடைக்கும் பரதத்தின் நுண்ணிய அடவுக்கும் ஒரே பாட்டு இடங்கொடுக்க வேண்டும். இராவணன் நுழையும்போது இசை உயர்ந்து நின்றாக வேண்டும். சபரி கனி நீட்டும்போது அதே இசை மூச்சடக்கி நிற்க வேண்டும். தொண்ணூறு வயதில், அதுவரை தாம் எழுதியவற்றிலிருந்து இவ்வளவு வேறுபட்ட ஒன்றைக் கற்றுக்கொள்ள ஒருவர் இசைந்தார் என்பதே எனக்கு வியப்பு. நமக்கோ ஐம்பது கடந்தால் திருவழிபாட்டில் ஒரு புதிய மெட்டு வந்தாலே தலைவலி வந்துவிடுகிறது!

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. சொல் வால்மீகியுடையது, ஆகவே ‘வாசுதேவ’ என்று வைக்க அங்கே இடமில்லை. இருநூறு உருப்படிகளில் பழகிய கை, கடைசிப் பெரும்பணியில் கையெழுத்திடாமல் எழுந்துவிட்டது. இதை அவர் ஒரு துறவாகக் கருதினாரா, அல்லது அப்படியொரு எண்ணமே அவருக்குத் தோன்றவில்லையா என்று நாம் ஊகிக்க வேண்டியதில்லை. விளைவு மட்டும் நம் கண்முன் இருக்கிறது. அந்தக் கீர்த்தனைகள் சபா சபாவாக அவருடைய பெயரைச் சொல்லிக்கொண்டு திரிகின்றன. இந்த இராமாயண இசையோ, எனக்குத் தெரிந்தவரை, கச்சேரியில் தனித்துப் பாடப்படுவதில்லை. ஆடுபவர்கள் வந்தால் அது வரும். அவர்கள் போனால் அதுவும் போய்விடும். இராமநாடகத்தில் மேடை இறந்து பாட்டு வாழ்ந்தது. இங்கே பாட்டு மேடையோடு உயிர்கோத்துக்கொண்டது.

இராமாயணமே முதலில் பாடப்பட்ட நூல் என்பது அதன் பாலகாண்டமே தரும் செய்தி. வால்மீகி அதனை இலவனுக்கும் குசனுக்கும் கற்பிக்கிறார். அவர்கள் யாழிசையோடு பாடிக்கொண்டு தெருத்தெருவாகச் செல்கிறார்கள். இறுதியில் இராமனின் அவையிலேயே பாடுகிறார்கள். தன் கதையைப் பாடும் சிறுவர்கள் தன் மக்கள் என்பதை அறியாமல் இராமன் கேட்டுக்கொண்டிருக்கிறான். அந்த மெட்டு எதுவென்று இன்று உலகில் ஒருவருக்கும் தெரியாது. சொல் வந்துசேர்ந்தது, பண் வழியிலேயே உதிர்ந்துபோயிற்று. நம் திருப்பாடல்களுக்கும் இதே கதைதான். பல திருப்பாடல்களின் தலைப்பில் ‘பாடகர் தலைவர்க்கு’ என்ற குறிப்பும், எந்த மெட்டில் பாட வேண்டும் என்ற குறிப்பும் இருக்கின்றன. மெட்டின் பெயர் இருக்கிறது, மெட்டு இல்லை. அந்தப் பாடகர் தலைவரின் பெயரும் பெரும்பாலும் இல்லை.

1959இல் வாசுதேவாச்சாரியாருக்குப் பத்மபூஷண் விருது அளிக்கப்பட்டது. 1961 மே 17ஆம் நாள், தொண்ணூற்றாறாம் பிறந்தநாளுக்குப் பதினொரு நாள் எஞ்சியிருக்கையில், அவர் காலமானார். இராமாயணத்தின் பெரும்பகுதி முடிந்திருந்தது, முழுதும் முடியவில்லை. அவருடைய பேரன் எஸ். இராஜாராம், தாத்தாவிடமே பயின்றவர், எஞ்சியதை எடுத்துக்கொண்டார். ஆறாவது நாடகமான மகா பட்டாபிஷேகம் 1970இல் மேடையேறியது. முதல் நாடகத்திற்கும் கடைசி நாடகத்திற்கும் இடையே பதினைந்து ஆண்டுகள். ருக்மிணி தேவியின் மறைவுக்குப் பின் இராஜாராம் கலாக்ஷேத்திராவின் தலைமைப் பொறுப்பையும் சிலகாலம் ஏற்றிருந்தார்.

அதே 1970 என்றவுடன் வேறொன்று நினைவுக்கு வருகிறது. அவ்வாண்டு அக்டோபரில் இரட்டை இசைத்தட்டு ஒன்று வெளிவந்தது: ‘ஜீசஸ் கிறைஸ்ட் சூப்பர்ஸ்டார்’. இசையமைத்த ஆண்ட்ரூ லாயிட் வெப்பருக்கு வயது 22. பாடல் எழுதிய டிம் ரைசுக்கு 25. ஒரே கதையை முதற்பாட்டு தொட்டு இறுதிவரை இழையாகக் கோத்த இத்தகைய தொகுப்பை மேனாட்டார் ‘கான்செப்ட் ஆல்பம்’ என்பர். மேடைக்கென்றே எண்ணிய கதை அது. ஆனால் ஆண்டவரின் பாடுகளை ராக் இசையில் மேடையேற்றப் பணம் போட யாரும் துணியவில்லை. ஆகவே முதலில் தட்டு, பிறகே மேடை. தட்டு அமெரிக்காவில் பெருவெற்றி பெற்ற பின்னரே, 1971 அக்டோபரில், நியூயார்க்கின் பிராட்வேயில் திரை விலகிற்று. கல்லறையோடு கதை முடிந்துவிடுகிறது, உயிர்ப்பு இல்லை என்பதால் திருச்சபையினர் பலர் அதனைக் கண்டித்தனர். எண்பதுகளில் எங்கள் இளங்குருமடத்தில் அதன் ஒலிநாடா ஒன்று தலையணையிலிருந்து தலையணைக்கு இரகசியமாய்ப் பயணம் செய்தது. யூதாசுக்கு இவ்வளவு நல்ல பாட்டுகளைக் கொடுத்திருக்க வேண்டாம் என்பது அன்று என் கருத்து. இன்று அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். இலண்டனில் இரு இளைஞர்கள், மேடை கிடைக்காததால், மேடையில்லாமலே நிற்கக்கூடிய இசையைச் செய்தனர். தட்டின் உறையில் அவர்கள் பெயர் இருந்தது. அந்தப் பெயரே மேடையைத் தேடித் தந்தது. அடையாற்றில் ஒரு முதியவர், மேடை தமக்கு முன்பே ஆயத்தமாக இருந்ததால், மேடையை விட்டால் நிற்கவியலாத இசையைச் செய்தார். எது பெரிது என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் நாடகத்திற்கு உண்மையாக இருந்த இசை எது என்று கேட்டால், இரண்டாவதையே சொல்வேன்.

இவ்வளவும் படித்தபின், ஒரு மாலையில் மாஸ்டர் வீட்டிற்குப் போனேன். அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தார். நிகழ்ச்சித் தாளை நானே மீண்டும் அச்சிட்டு, ‘இசை’ என்ற சொல்லுக்கு எதிரே அவர் பெயரிட்டுக் கொண்டுபோயிருந்தேன். நாடகம் முடிந்து ஏழு மாதம் கழித்துக் கொடுக்கும் நிகழ்ச்சித் தாளுக்கு என்ன பயன் என்று அவர் கேட்டிருந்தால் எனக்கு விடையில்லை. அவர் கேட்கவில்லை. மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து அணிந்து, ஒருமுறை படித்து, ஆர்மோனியப் பெட்டிக்குள் வைத்தார்.

“ஃபாதர் அன்னைக்கு சொன்னது தப்பில்ல சாமி,” என்றார். “ஆனா வெரோணிக்கா பாட்டு மட்டும் மூணு ராத்திரி தூங்க விடல. அதைச் சொல்லத்தான் வந்தேன் அன்னைக்கு. பேரு ஒரு சாக்கு.”

கலாக்ஷேத்திரா இசையைப் பற்றி அவரிடம் சொன்னேன். தாத்தா விட்ட இடத்திலிருந்து பேரன் எடுத்துக்கொண்டார் என்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எந்த இடத்தில் தாத்தா நிறுத்தினார், எந்த இடத்தில் பேரன் தொடங்கினார், கேட்டால் தெரியுமா என்று வினவினார். எனக்குத் தெரியவில்லை என்றேன். பிறகு அங்கே பயிலும் அந்தப் பெண்ணிடம், ஞாயிறு திருப்பலி முடிந்து அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தபோது, அதே கேள்வியைக் கேட்டேன். அவள் சிறிது யோசித்தாள்.

“ஆடும்போது எனக்கும் தெரியல ஃபாதர்,” என்றாள். “கால் எங்கயும் தட்டுறதில்ல.”